கூடத்துச் சுவரை இடிக்கலாமா, டைல்ஸ் ஒட்டலாமா? பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வாசகிக்குப் பொறியாளர் பதில்

கேள்வி (சுருக்கம்)

காவிரிக் கரையிலுள்ள ஒரு சிறுநகரத்திலிருந்து 47 வயது ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அவரும் அவருடைய அம்மாவும் மகளும் வசிப்பது 1930-களில் கட்டிய தெருவீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், பின்கட்டு என நீளமாகப் போகிறது. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்கங்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பாவிய மச்சு. அப்பா 1971-இல் தன் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கினார். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். "வீடு உனக்குத்தான் என்று அப்பா வாயாலேயே சொல்லியிருக்கிறார்" என்கிறார். ஒரே தம்பி கோவையில் இருக்கிறார்.

கூடத்துச் சுவரில் 4 அடி உயரம்வரை உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது. மழைக்காலத்தில் மச்சில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. தெரு ரோடு ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்ந்து, இப்போது வீட்டுத் தரையைவிட ஒன்றரை அடி மேலே இருக்கிறது. தை மாதம் மகளுக்கு நிச்சயதார்த்தம். கான்ட்ராக்டர் 8 லட்சம் கேட்டு, 45 நாளில் முடிப்பதாகச் சொல்கிறார். கூடத்துக்கும் அறைக்கும் நடுவிலுள்ள சுவரை 12 அடி அகலத்துக்கு எடுத்து ஒரே ஹாலாக்குவது, காவித் தரைமேல் விட்ரிஃபைடு டைல்ஸ், ஈரச் சுவரில் வாட்டர்புரூஃப் கலந்த சிமென்ட் பூச்சும் பிவிசி பேனலும், ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், மாடியில் 2 அங்குல கான்கிரீட் போட்டுக் கூலிங் டைல்ஸ். இவைதான் திட்டம். முன்பணமாக 25,000 ரூபாய் கொடுத்தாகிவிட்டது. "பக்கத்து ஊரில் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கினார்களாம், அதுவும் முடியுமா?" என்றும் கேட்கிறார். புதுப்பித்த வீடுகளின் முன்-பின் படங்கள் சிலவற்றையும் இணைத்திருக்கிறார்.

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் அனுப்பிய படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவையெல்லாம் வேலை முடிந்த அன்றே எடுத்தவை. சிமென்ட் பூச்சும் பேனலும் அன்று யார் வீட்டிலும் பளபளவென்றுதான் இருக்கும். அதே சுவரை இரண்டு ஐப்பசி அடைமழைக்குப் பிறகு பார்த்தால்தான் வேலையின் தரம் தெரியும். கான்ட்ராக்டர் கொடுத்த பட்டியலில் ஐந்து வேலை இருக்கிறது. ஒன்றுகூட தண்ணீர் உள்ளே வருவதைத் தடுக்கவில்லை. நான்கு வேலைகள் ஈரத்தை மூடி மறைக்கின்றன. சுவர் இடிப்பு கூரையையே ஆபத்தில் வைக்கிறது. தயவுசெய்து இப்படியே ஆரம்பிக்க விடாதீர்கள்.

உங்கள் வீடு சுண்ணாம்பும் சுட்ட செங்கல்லும் சேர்ந்து நிற்கும் வீடு. அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்புப் படலம் எதுவும் இருக்காது. அந்தக் காலத்துக் கொத்தனார்கள் அதை வேறு வழியில் சமாளித்தார்கள்: வீட்டைத் தெருவைவிட உயர்த்திக் கட்டினார்கள். மண்ணிலிருந்து ஏறும் கொஞ்சம் ஓதமும் சுண்ணாம்புக் காரை வழியாக வெளியே ஆவியாகிவிடும். இந்த இரண்டும் உங்கள் வீட்டில் கெட்டுப் போய்விட்டன. ரோடு ஏறியதால் மழைத் தண்ணீர் திண்ணைச் சுவரை ஒட்டியே நிற்கிறது. முற்றத்தையும் கொல்லையையும் சிமென்ட் போட்டு மூடியதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் மண் ஈரத்துக்குச் சுவரைத் தவிர வேறு வழியில்லை. 4 அடி உயரத்தில் நிற்கும் உப்புக்கோடு இதைத்தான் காட்டுகிறது.

இந்தச் சுவரில் வாட்டர்புரூஃப் சிமென்ட் பூசினால் என்ன ஆகும்? ஈரம் வெளியே வர முடியாமல் இன்னும் மேலே ஏறும். 4 அடியில் இருப்பது 6 அடிக்குப் போகும். உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிந்து அதை நெம்பித் தள்ளும். சிமென்ட் பழைய செங்கல்லைவிடக் கடினமானது. கழன்று விழும்போது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு போகும். பேனலுக்குப் பின்னால் இருட்டும் ஈரமும் இருக்கும். கறையானுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது, அதுவும் மேலே தேக்கு இருக்கும் வீட்டில்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. 2 அடிக்கு 2 அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு விளிம்பையும் டேப் போட்டு இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப் பக்கம் மட்டும் வியர்த்தால் அது காற்றின் ஈரம், சன்னல் திறந்தாலே சரியாகும். உப்புக்கோட்டுக்குக் கீழே ஓரிடம், மேலே ஓரிடம், காவித் தரையில் ஓரிடம் என்று மூன்று இடத்தில் செய்யுங்கள்.

ஜாக்கி வைத்துத் தூக்குவது

உங்கள் வீட்டுக்கு வேண்டாம். இரண்டு பக்கமும் பொதுச்சுவர். பக்கத்து வீட்டுக் கட்டைகளும் அதில்தான் உட்கார்ந்திருக்கும். உங்கள் வீட்டை மட்டும் தனியாகத் தூக்க முடியாது. சுண்ணாம்புக் கட்டுமானம் சீரற்ற தூக்கலில் வெடிப்பும் விடும். வீட்டுக்குள் 2 அடி மண் கொட்டித் தரையை உயர்த்துவதும் தீர்வில்லை. நிலைகள் குள்ளமாகும், சுவர் இன்னும் 2 அடி மண்ணுக்குள் போகும், ஓதம் அங்கிருந்து மேலே ஏறும்.

செய்ய வேண்டியது வடிகால். முன்பக்கம் உங்கள் எல்லைக்குள், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, ஓர் அடி அகலத்தில் பள்ளம் எடுக்க வேண்டும். ஆழம் வீட்டுத் தரைக்குக் கீழே ஒன்றரை அடி வரை இருக்கலாம். ஆனால் அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே எக்காரணம் கொண்டும் போகக் கூடாது. அதனால் முதலில் ஓரிடத்தில் தோண்டி அஸ்திவாரம் எதுவரை என்று பாருங்கள். ஒரே நாளில் முழு நீளத்தையும் தோண்ட விடாமல் 6 அடி 6 அடியாக முடிக்கச் சொல்லுங்கள். அடியில் ஓட்டை போட்ட 4 அங்குலக் குழாய், சுற்றிலும் 20 மி.மீ. ஜல்லி, அதைச் சுற்றி மண் புகாத ஜியோ துணி. தெருச் சாக்கடை உங்கள் தரையைவிட உயரமாக இருப்பதால் தண்ணீர் தானாக ஓடாது. ஒரு சின்னத் தொட்டியில் சேர்த்து மோட்டார் வைத்து இறைக்க வேண்டும். முற்றத்திலும் கொல்லையிலும் சுவரை ஒட்டி ஓர் அடி அகலத்துக்குச் சிமென்ட்டை வெட்டி எடுத்துவிட்டு ஜல்லி நிரப்புங்கள். சுவரில் துளை போட்டு ஈரத்தடுப்பு க்ரீம் செலுத்தும் முறையைச் சிலர் சொல்வார்கள். கனமான பழைய சுவரின் நடுவில் உடைகல்லும் வெற்றிடமும் இருந்தால் அது ஒரே சீராகப் பரவாது. வடிகால் போட்டு ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு தேவைப்பட்டால் யோசிக்கலாம்.

ரோட்டைப் பொறுத்தவரை, பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் அறிவுறுத்தியிருக்கிறது. தெருக்காரர்கள் சேர்ந்து நகராட்சிக்கு எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். அடுத்த முறை ரோடு போட வரும்போது கையில் காகிதம் இருக்க வேண்டும்.

மச்சும் மாடியும்

மெட்ராஸ் டெரஸில் தேக்கங்கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லைச் சாய்கோணமாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்து, அதன்மேல் 3 அங்குலம் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு நாள்கணக்கில் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பாவியிருப்பார்கள். இதன் சொந்த எடையே சதுர அடிக்கு 30 கிலோவுக்குக் குறையாது. அதன்மேல் 2 அங்குல கான்கிரீட்டும் கூலிங் டைல்ஸும் ஏற்றினால் சதுர அடிக்கு இன்னும் 14, 15 கிலோ. 400 சதுர அடி மாடிக்கு ஏறத்தாழ 6 டன். தொண்ணூறு வருடக் கட்டைகளின் தலையில் இதை ஏற்றக் கூடாது. அடியில் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் வெளியேற வழியில்லாமல் கட்டைக்குள் இறங்கும்.

சரியான வழி எடுத்துவிட்டுப் போடுவது. மேல் தட்டோட்டையும் அதன் கலவையையும் மட்டும் கை உளியால் பெயர்க்க வேண்டும். பிரேக்கர் மெஷின் கூடாது. அதிர்வில் கீழ்ச் செங்கல் கழலும். பெயர்த்ததை மாடியில் குவிக்காமல் அன்றன்றைக்கே கீழே இறக்க வேண்டும். பழைய மச்சுகள் வேலை நடக்கும்போது இடிந்து விழுவதற்கு இப்படிக் குவித்த இடிபாடு முக்கியக் காரணம். இந்த வேலை முடியும்வரை கீழே கூடத்தில் முட்டு நிற்கட்டும். வெடிப்பில் அரசு, ஆல் கன்று முளைத்திருந்தால் பிடுங்காமல் அடியோடு வெட்டி வேருக்கு மருந்து வைத்து, பட்ட பிறகு எடுங்கள். ஜல்லிச் சுண்ணாம்பு கெட்டியாக இருந்தால் அப்படியே விட்டு, பொத்தல் விழுந்த இடத்தை மட்டும் சரிசெய்து, 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டத்தோடு புதுத் தட்டோடு பதிக்கலாம். கைப்பிடிச் சுவர் சேரும் மூலையில் சாய்வுப் பூச்சு அவசியம். பெரும்பாலான ஒழுகல் அங்கிருந்துதான் வரும். 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அது மச்சின் நடுவில் நிற்கக் கூடாது, சுவரின் மேல்தான் நிற்க வேண்டும்.

கட்டைகளில் நடுப்பாகத்தைப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடுவார்கள். உளுப்பது சுவருக்குள் போகும் முனை. ஒவ்வொரு கட்டையையும் சுவரோரத்தில் கூர்மையான திருப்புளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த முனைக்கு இரும்புத் தாங்கியோ பக்கவாட்டில் இரும்புச் சேனலோ வேண்டும். கட்டை முழுவதையும் மாற்றத் தேவையில்லாமல் போகலாம். கறையான் தடம் தெரிந்தால் தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஓர் அடிக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வரை மருந்து செலுத்துவார்கள். இதைத் தரை வேலைக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். ஒழுகலையும் கறையானையும் முதலில் காட்டிக்கொடுப்பது மச்சின் அடிப்பக்கம். அதை மூடிவிட்டால் அடுத்த தடவை பலகை ஊறி விழும்போதுதான் தெரியும். கட்டைகளைச் சுத்தம் செய்து லின்சீட் எண்ணெய் பூசி, இடைப்பட்ட இடத்துக்கு வெள்ளையடித்தாலே கூடம் உயரமாகத் தெரியும்.

நடுச்சுவர்

"14 அங்குலச் சுவர், மேலே ஒரு லிண்டல் போட்டால் போதும்" என்று கான்ட்ராக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வீட்டில் கான்கிரீட் தூண் கிடையாது, சுவர்தான் தூண். கட்டைகள் எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கின்றன என்று அண்ணாந்து பாருங்கள். கூடத்துக் கட்டைகளும் அறைக் கட்டைகளும் இந்த நடுச்சுவரில்தான் முடிகின்றன என்றால், இருபுறமும் 10 அடி அறைகளாக வைத்துக்கொண்டாலும், 12 அடி திறப்பின் மேல் வரும் மச்சின் எடை மட்டும் மூன்றரை டன்னுக்கு மேல். அந்தச் சுமை முழுவதும் திறப்பின் இரண்டு ஓரத்துக்கும் போகும். ஓர் ஓரம் பொதுச்சுவராக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அதில் உத்திரத்தை ஏற்ற முடியாது.

12 அடிக்குப் பதிலாக 5 அடியில் ஒரு திறப்பு போதுமா என்று யோசியுங்கள். வெளிச்சமும் காற்றும் வரும், நிச்சயத்துக்கு வருபவர்கள் இரண்டு அறையிலும் உட்கார்ந்து பார்க்கலாம், இரண்டு ஓரத்திலும் பழைய சுவர் மிச்சமிருக்கும். அதற்கும் கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டு வரைபடம் கொடுக்க வேண்டும். முறை இப்படி: இரண்டு பக்கமும் கட்டைகளுக்கு அடியில் முட்டு. சுவரின் ஒரு பக்கம் பாதிக் கனத்துக்கு மட்டும் வெட்டி, இரண்டு முனையிலும் 9 அங்குலமாவது கான்கிரீட் மெத்தைமேல் உட்காரும்படி முதல் இரும்பு கர்டரை வைத்து, மேல் இடைவெளியைச் சுருங்காத கலவையால் இறுக்குவது. அது கெட்டியான பிறகு மறுபக்கப் பாதியை வெட்டி இரண்டாவது கர்டர். இரண்டையும் போல்ட் போட்டு இணைத்த பிறகே கீழே உள்ள செங்கல்லை எடுப்பது. வரைபடம் இல்லாமல் யாராவது சம்மட்டியைத் தூக்கினால் நிறுத்திவிடுங்கள். பூச்சு, தரை, வெள்ளையடிப்பு போன்ற பழுதுவேலைகளும் சுமை தாங்கும் சுவரை வெட்டுவதும் ஒன்றல்ல. இதற்கு நகராட்சியில் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இன்னொன்று. "இடிப்புக்கூலி வேண்டாம், பழைய மரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று கான்ட்ராக்டர் சொல்லியிருக்கிறார். அதைத் தாராளம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதிர்ந்த பழைய தேக்குக்குப் பழைய மரக்கடையில் நல்ல விலை உண்டு. எத்தனை கட்டை, எத்தனை நிலை, கதவு என்று எண்ணிப் படம் எடுத்து வையுங்கள். எடுத்த மரம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். முனை உளுத்த கட்டையை அறுத்தால் சன்னலுக்கோ அலமாரிக்கோ ஆகும்.

வீடு யாருடையது

இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. அப்பா வாயால் சொன்னது சட்டத்தில் நிற்காது. அசையாச் சொத்தைத் தானமாகத் தர பதிவுப் பத்திரம் வேண்டும். அவர் உயில் எழுதாமல் இறந்ததால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சுயமாக வாங்கிய இந்த வீட்டில் அம்மா, நீங்கள், தம்பி மூவருக்கும் சம பங்கு. அம்மாவை நீங்கள் பார்த்துக்கொள்வது பெரிய காரியம்தான், ஆனால் அதனால் பங்கு கூடாது. தம்பி ஃபோனில் "செய்துக்கோ அக்கா" என்று சொன்னது மனதார இருக்கலாம். 8 லட்சம் போட்ட பிறகு பாகப்பிரிவினை வந்தால் அந்தச் செலவை யார் ஏற்பது என்பது வழக்காகிவிடும். தம்பி தன் பங்கை விட்டுத்தர விரும்பினால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம். இல்லையென்றால் என்ன வேலை, எவ்வளவு செலவு, பிற்காலத்தில் அதை எப்படி ஈடுசெய்வது என்று மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம். உள்ளூர் வக்கீலிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சுவரை வெட்டுவதற்கு முன் இது கையில் இருக்க வேண்டும்.

தைக்குள் என்ன செய்யலாம்

சுவர் உலர அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று ஒரு கணக்கு உண்டு. 14 அங்குலச் சுவர் 45 நாளில் உலராது. மழைக்காலத்தில் சுண்ணாம்புப் பூச்சும் சரியாகப் பிடிக்காது. அதனால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள்.

ஐப்பசிக்கு முன்: மாடியில் செடி எடுத்து, வெடிப்பை அடைத்து, தண்ணீர்ப் போக்கிகளைச் சுத்தம் செய்வது, முன்பக்க வடிகால், கட்டை முனைச் சோதனை. கூடவே ஒயரிங். மரப்பட்டையில் ஓடும் பழைய ஒயருக்கு எர்த் இருக்காது. ஈரச் சுவரில் அது உயிராபத்து. புது எர்த், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசி வைப்பதானால் அதற்குத் தனியாக 4 சதுர மி.மீ. ஒயர். பைப் புதைக்கச் சுவரைக் குறுக்காக வெட்டினால் கனத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம்.

நிச்சயத்துக்கு முன்: உப்புக்கோட்டுக்கு ஓர் அடி மேல்வரை பழைய சிமென்ட் பூச்சை எடுத்து, உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து, தற்காலிகமாக வெள்ளை மட்டும் அடியுங்கள். திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். விசேஷ நாளில் அதன் முன்னால் பாயோ துணித்திரையோ தொங்கவிடலாம். கதவு, நிலைகளில் பல அடுக்குப் பழைய எனாமல் பெயிண்ட் இருக்கிறது. அதில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் பெயிண்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பே 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், அம்மா அந்த நாட்களில் பின்கட்டில் இருக்கட்டும்.

காவித் தரையை டைல்ஸால் மூடாதீர்கள். விட்ரிஃபைடு டைல்ஸ் ஈரத்தை வெளியே விடாது. அது ஓரத்துக்குப் போய்ச் சுவரில் ஏறும். வெடிப்புகளைச் சிமென்ட்டும் காவிப் பொடியும் கலந்து அடைத்து, கல் போட்டு மெருகேற்றினால் பளிச்சென்று ஆகிவிடும். காவி, சிமென்ட் எடையில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது; தாண்டினால் அடைப்பு பொடிந்துவிடும். பழைய நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று மூலையில் ஓரிடத்தில் போட்டு, காய்ந்த பிறகு பார்த்து முடிவு செய்யுங்கள்.

மாசி முதல் சித்திரை வரை: தட்டோடு வேலை, தேவையானால் 5 அடி திறப்பு, அதன்பின் சுண்ணாம்புப் பூச்சு. நன்றாக நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணலும் செங்கல் தூளும் சேர்த்து இரண்டிலிருந்து மூன்று பங்கு. ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் பூசக் கூடாது. அடுத்த அடுக்குக்கு ஒரு வாரமாவது இடைவெளி விட்டு, ஈரச் சாக்கு தொங்கவிட்டு மெதுவாகக் காய விட வேண்டும். முதல் பூச்சில் மறுபடி கொஞ்சம் உப்புப் பூக்கும். சுவருக்குள் மிச்சமிருக்கும் உப்பு வெளியே வருகிறது என்று அர்த்தம். துடைத்துவிட்டு வெள்ளையடித்தால் போதும். மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்துவிட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

பணத்தைப் பொறுத்தவரை, பாதித் தொகையை முன்பணமாகக் கொடுக்காதீர்கள். வேலைவாரியாக அளவும் பொருளும் எழுதிய ஒப்பந்தம் போட்டு, முடிந்த வேலைக்குப் பணம் கொடுத்து, 10 சதவீதத்தை அடுத்த மழைக்காலம் முடியும்வரை நிறுத்தி வையுங்கள். குறை வந்து சரிசெய்ய மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போகலாம்; ஒப்பந்தமும் ரசீதும் அதற்கு வேண்டும். கொடுத்துவிட்ட 25,000 ரூபாயை இப்போதே திருப்பிக் கேட்டுச் சண்டை போட வேண்டாம். ஐப்பசிக்கு முந்தைய மாடி வேலைக்கும் வடிகாலுக்கும் அதை வரவு வைத்து ரசீது தரச் சொல்லுங்கள். அதற்கு அவர் சம்மதிக்காமல், சுவர் இடிப்பில்தான் ஆரம்பிப்பேன் என்றால் வேறு மேஸ்திரியைப் பாருங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் உங்கள் பக்கத்துக் கோயில் திருப்பணிகளில் கிடைப்பார்கள்.